சரிவுத் தரைப் பள்ளிக்கூடம்

புதுக் கட்டடத்துக்கு முதல் லாரியில் போனவை பத்தாம் வகுப்பு டெஸ்க்குகள். இறக்கி வரிசையாகப் போட்டதும் அத்தனையும் ஒரே மாதிரி பின்பக்கம் சாய்ந்து நின்றன. மேலே பேனாவை வைத்தால் உருண்டு வந்து உட்கார்ந்திருப்பவர் மடியில் விழுந்தது.

தலைமையாசிரியைக்குக் கோபம் தலைக்கேறியது. கட்டடம் கட்டிய என்ஜினியரை அங்கேயே நிறுத்திக் கேட்டார்.

"என்ன தரை போட்டிருக்கீங்க? புள்ளைங்க படிக்க வராங்களா, சறுக்கி விளையாட வராங்களா?"

என்ஜினியர் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். கண்ணாடிக்குள் இருந்த குமிழ் அசையாமல் நடுவில் நின்றது. நாலு மூலையிலும் வைத்துக் காட்டினார்.

"பாருங்க மேடம். ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

"அப்போ எங்க டெஸ்க்குதான் குடிச்சிருக்குன்னு சொல்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல மேடம். ஆனா தரை நிதானத்துலதான் இருக்கு."

இந்தச் சண்டை நடக்கும்போது பக்கத்தில் நின்றவர் கணக்கு டீச்சர். போன வருஷம்தான் மாற்றலாகி இந்தப் பள்ளிக்கு வந்தவர். புதிதாக வந்தவர் தலையில்தானே வேலையைக் கட்டுவார்கள்? பள்ளியை இடம் மாற்றும் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுந்திருந்தது. அவர் ஒரு டெஸ்க்கைக் கவிழ்த்துப் போட்டு, கைப்பையில் இருந்த ஸ்கேலை எடுத்துக் கால்களை அளந்தார். முன்கால்கள் இரண்டும் பின்கால்களைவிட இரண்டு விரற்கடை உயரம். அடுத்ததைக் கவிழ்த்தார். அதுவும் அப்படியே. பின்கால்களின் அடியில் ரம்பம் போன தடம் வழவழப்பாகத் தேய்ந்து கிடந்தது. எல்லாக் கால்களையும் யாரோ வேலை மெனக்கெட்டு அறுத்திருக்கிறார்கள்.

"மேடம், தரை மேல தப்பில்ல. டெஸ்க் மேலயும் தப்பில்ல. நம்ம பழைய ஸ்கூல்தான் சாஞ்சிருக்கு," என்றார் கணக்கு டீச்சர்.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவரிடம் இதைச் சொன்னார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க நேர்க்கோட்டில் ஏறி இறங்கும் சாமானோடு மாரடிப்பவருக்குக் கோணல் என்றால் காது நிமிர்ந்துவிடும்.

"ஒரு டெஸ்க்குல கால் குட்டைன்னா தச்சர் பண்ணின தப்பு. எல்லா டெஸ்க்குலயும் குட்டைன்னா யாரோ யோசிச்சுப் பண்ணின வேலைம்மா."

"கட்டடம் பூமியில இறங்கியிருக்குமோ?"

"இறங்கினா செவுரு விரிசல் விட்டிருக்கும். விட்டிருக்கா?"

டீச்சர் யோசித்துப் பார்த்தார். பள்ளிக்கூடச் சுவர்களில் பல்லி உண்டு, மைக்கறை உண்டு, காதலர் பெயர்கள் உண்டு. விரிசல் மட்டும் இல்லை.

"இல்லையே."

"அப்போ பொறந்தப்பவே அப்படித்தான் பொறந்திருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டில் கவனமானார். டீச்சருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

பழைய கட்டடம் நீளமானது. தெருவைப் பார்த்த வாசல், வாசலுக்கு மேலே குறுகிய படியேறிப் போனால் ஆசிரியர் அறை. கீழே ஓர் ஓரமாக நடை, நடையை ஒட்டி வரிசையாக ஐந்து வகுப்பறைகள். நடை சரிவாக இருப்பது எல்லோருக்கும் தெரியும். சின்னப் பிள்ளைகள் வாசலில் இருந்து ஓட்டம் பிடித்தால் கடைசி அறை வரை கால் தானாகப் போகும். மழைத் தண்ணீர் வடிவதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். கூரைக்குள் இருக்கும் நடைக்கு மழைத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்டதில்லை.

மறுநாள் டீச்சர் உள்ளே இருப்பது தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் நீலமை கலந்த தண்ணீரை நிரப்பிக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனார். குழாயின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்துத் தரை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கலாம்.

"மிஸ், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டது முதல் பெஞ்சு.

"வராது."

"அப்போ செய்யலாம் மிஸ்!" என்று குதித்தது கடைசி பெஞ்சு.

இரண்டு பேர் குழாயைப் பிடிக்க, இரண்டு பேர் அளக்க, மிச்சம் இருந்தவர்கள் எல்லாம் யோசனை சொல்ல, ஐந்து அறைகளையும் அளந்தார்கள். அளந்ததைக் கரும்பலகையில் படமாகப் போட்டார்கள். ஒவ்வோர் அறையும் ஒரே பக்கம்தான் சரிந்தது. ஓர் அறையின் சரிவு எங்கே முடிந்ததோ அங்கேயே அடுத்த அறையின் சரிவு ஆரம்பித்தது. நடுவில் இருந்த சுவர்களை அழித்துவிட்டுப் பார்த்தால் வாசலில் இருந்து கடைசி வரை ஒரே கோடு.

"மிஸ், இது அஞ்சு ரூம் இல்ல," என்றாள் அளவு நாடாவைப் பிடித்திருந்த பெண். "ஒரே ரூம். அப்புறமா செவுரு வெச்சிருக்காங்க."

அவ்வளவு பெரிய ஒரே அறை யாருக்கு எதற்குத் தேவைப்பட்டது? இந்தக் கேள்வியோடு டீச்சர் போனது வரலாற்று ஆசிரியரிடம். பள்ளியில் அவருக்குக் 'கல்வெட்டு' என்று பெயர். அவரும் அதைக் கேட்டுக் கேட்டுப் பெருமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டார். பள்ளியின் வெள்ளி விழா மலரில் பள்ளி வரலாற்றை எழுதியவர் அவர்தான். புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கும் அதையே கொஞ்சம் தூசி தட்டிக் கொடுப்பதாக இருந்தார்.

"ஒரு பொது மண்டபத்துல ஆரம்பிச்ச ஸ்கூல் டீச்சர் இது. ஒரு நல்ல மனசுக்காரர் இடம் குடுத்தார். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"மண்டபத்துக்கு எதுக்கு சார் சரிவுத் தரை? பேச்சைக் கேக்க வந்தவங்களை உருட்டிவிடவா?"

"மண்டபம்னா மண்டபம்தான்," என்றார் கல்வெட்டு சார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. பதில் தெரியாதபோதெல்லாம் அவர் கண்ணாடி அழுக்காகிவிடும்.

அதற்குப் பிறகு டீச்சருக்குப் பார்த்ததெல்லாம் கேள்வியாக நின்றது. கடைசி அறையின் மேற்குச் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று ஒரு விதி. அதனால் அந்த அறையில் மட்டும் கரும்பலகை இன்றைக்கும் மூன்று கால் மரச்சட்டத்தில் நிற்கிறது. ஏன் அடிக்கக்கூடாது? எப்போதும் அப்படித்தான். நாலு மணி அடித்தால் ஒரு பிள்ளைகூட உள்ளே இருக்கக்கூடாது, தண்ணீர் பாட்டிலை மறந்து வைத்தாலும் மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். ஏன்? எப்போதும் அப்படித்தான். தலைமையாசிரியை இந்த விதியை உயிராகக் காப்பாற்றிவந்தார். ஆனால் காரணம் கேட்டால், "எனக்கு முன்னாடி இருந்தவங்க சொன்னாங்க" என்பார்.

"கேள்வி கேக்கறது நல்ல பழக்கம்தான் டீச்சர். ஆனா வெளியில லாரி வாடகைக்கு நிக்குது," என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஆகவே டீச்சர் வேலையைப் பார்க்கப் போனார். அன்றைய வேலை மாடியில் இருந்த ஆசிரியர் அறையைக் காலி செய்வது. அங்கே ஒரு சுவரில், நெஞ்சு உயரத்தில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சதுர மாடங்கள். சாக்பீஸ் பெட்டிகளும் தேயிலை டப்பாவும் வைக்கிற இடம். டீச்சர் பெட்டிகளை எடுத்து அட்டைப் பெட்டியில் அடுக்கினார். மாடத்தின் பின்பக்கம் கை பட்டபோது 'தொப்' என்று சத்தம் கேட்டது. சுவராக இருந்தால் அப்படிச் சத்தம் வராது. தட்டிப் பார்த்தார். ஒட்டுப் பலகை. சுற்றிலும் பூசியிருந்த சுண்ணாம்பு நகம் பட்டதும் உதிர்ந்தது. ஸ்கேலை இடுக்கில் விட்டு நெம்பினார். பலகை அந்தப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

தூசியும் பழைய மரத்தின் வாசனையும் முகத்தில் அடித்தன. டீச்சர் குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தார்.

எதிரே நீண்டு கிடந்தது ஒரு பெரிய வெற்றிடம். கீழே வகுப்பறைகளின் பலகைக் கூரை வரிசையாகத் தெரிந்தது. பிள்ளைகள் சுவர் என்று நினைத்திருந்த சுவர்கள் எல்லாம் அந்தப் பலகையோடு முடிந்துவிட்டன. அதற்கு மேலே உண்மையான கூரை, இரும்பு உத்திரங்களோடு இந்தக் கடைசியில் இருந்து அந்தக் கடைசி வரை ஒரே வீச்சில் போனது. உடைந்த ஓடு ஒன்றின் வழியாக வெயில் கம்பி போல் இறங்கியது. அது போய்த் தொட்ட இடத்தில், தூரத்தில், மேற்குச் சுவரின் மேல்பாதி. வெள்ளை வெளேர் என்று. அந்த வெள்ளையைச் சுற்றிக் கறுப்புப் பட்டை தீட்டியிருந்தது.

டீச்சர் படியிறங்கி ஓடி, கல்வெட்டு சாரின் சட்டைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தார்.

"பாருங்க சார். உங்க மண்டபத்தைப் பாருங்க."

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"சினிமாக் கொட்டகை," என்றார் மெதுவாக. "ஆபரேட்டர் ரூம்ல உக்காந்துதான் இத்தனை வருஷமா நான் டீ குடிச்சிட்டிருந்தேன். டப்பாவைத் தள்ளிப் பாக்கணும்னு ஒரு நாள் தோணலையே!"

"நீங்க எழுதினப்போ யாரைக் கேட்டீங்க?"

"அப்போ இருந்த தலைமையாசிரியரைக் கேட்டேன். அவர் மண்டபம்னார். சினிமாக் கொட்டகைன்னு சொல்ல அவருக்குக் கூச்சமா இருந்திருக்கும். நானும் வேற யாரையும் கேக்கல. எழுதினதை நானே படிச்சுப் படிச்சு நம்பிட்டேன்."

சரி, கொட்டகை. ஆனால் கொட்டகை எப்படிப் பள்ளியானது? ஓடாமல் மூடிப்போய் விற்றார்களா, அரசு எடுத்துக்கொண்டதா? இரண்டு பேருக்கும் தெரியவில்லை. டீச்சர் அன்றே ஒரு தாளில் பழைய கொட்டகையின் படத்தைக் கையால் போட்டார். மாணவர்களுக்குக் கொடுக்கலாம் என்று அதைப் பிரதி எடுக்க, சாரையும் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கக் கடைக்குப் போனார்.

அந்தக் கடையை நடத்தியவரை ஊரே ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடும். அறுபது தாண்டியவர், தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பார், பிரதி எடுக்கும் இயந்திரத்தோடு வாய் ஓயாமல் சண்டை போடுவார். ஹால் டிக்கெட், மாற்றுச் சான்றிதழ், லீவு விண்ணப்பம் என்று பள்ளியின் காகிதம் முழுவதும் அவர் கை வழியாகத்தான் போகும். டீச்சர் கொடுத்த படத்தைக் கண்ணாடி மேல் கவிழ்க்கப் போனவர், அப்படியே நிறுத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இதை யாரு வரைஞ்சது?"

"நான்தாங்கக்கா."

"ஸ்கிரீனுக்கு முன்னாடி மேடை இருந்துச்சு. அதை விட்டுட்டீங்களே."

டீச்சரும் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா அது கொட்டகைன்னு?"

"எங்கம்மா கொட்டகை எனக்குத் தெரியாதா?"

கல்வெட்டு சார் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இவ்வளவு நாளா ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க!"

"இவ்வளவு நாளா யாரு கேட்டீங்க? ஒரு காப்பியா ரெண்டு காப்பியா, பின்பக்கமும் போடணுமா, இதைத் தவிர என்கிட்ட வேற என்னத்தைக் கேட்டிருக்கீங்க?"

அவர் இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

அப்பா போன பிறகு கொட்டகையை நடத்தியது அவருடைய அம்மா. அம்மாவுக்கு ஜெராக்ஸ் அக்கா ஒரே பெண். எட்டாவது வரை படிக்க ஊரிலேயே பள்ளி இருந்தது. அதற்கு மேல் என்றால் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

"எனக்குப் பஸ் ஏறினா வாந்தி. சும்மா இல்ல, குடலே வெளியில வந்துடும். முதல் வாரம் தினமும் வாந்தி எடுத்துட்டுப் பாதி வழியில இறங்கித் திரும்பி நடந்து வந்துட்டேன். அம்மா பாத்தாங்க. 'நீ பள்ளிக்கூடத்துக்குப் போக முடியலன்னா பள்ளிக்கூடம் இங்க வரட்டும்'னாங்க. நான் ஏதோ கோபத்துல சொல்றாங்கன்னு நினைச்சேன்."

கோபத்தில் சொல்லவில்லை. அம்மா கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கட்டடம் இருந்தால் வாத்தியார் தருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டடம் ஏது என்று சிரித்தும் இருக்கலாம். அம்மா சொன்ன பதில் அவர்கள் எதிர்பாராதது. சாயங்காலம் முதல் ஆட்டம் தொடங்கும்வரை என் கொட்டகை சும்மாதானே கிடக்கிறது, வாருங்கள் என்றார்.

"அப்போ படமும் ஓடிச்சா?" டீச்சரின் குரலே மாறிவிட்டது.

"ஓடாம? பகல்ல பாடம், ராத்திரி படம். நாங்க மடக்கு நாற்காலியில உக்காந்து படிச்சோம். காலடியில கடலைத் தோலு கிடக்கும். ஸ்கிரீனுக்கு முன்னாடி போர்டு. நாலு மணிக்கு மணி அடிச்சா எல்லாரும் வெளியில ஓடணும், பெருக்கித் தள்ளி டிக்கெட் குடுக்கணும்ல. ஒருத்தன் ஒளிஞ்சிருந்து ஓசியில படம் பாத்தான். அதுல இருந்து ஒரு புள்ளை உள்ள இருக்கக்கூடாதுன்னு கண்டிப்பு."

"மேற்குச் சுவர்ல ஆணி..."

"ஸ்கிரீன் அது! ஆணி அடிச்சா நாயகன் நெத்தியில ஓட்டை விழும்."

கல்வெட்டு சார் சிரித்தே விட்டார். அக்காவும் சிரித்தார். புதுப் படப்பெட்டி வந்த நாள்களில் ஆபரேட்டர் பகலிலேயே சத்தத்தைச் சோதித்துப் பார்ப்பாராம். வாத்தியார் போர் நடந்த வருஷத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது மேலே இருந்து ஒரு பெண் குரல் 'என்னைக் கைவிட்டுவிடாதீர்கள்' என்று கதறுமாம். அன்றைக்கு அப்புறம் பாடம் எங்கே நடக்கும்?

பிள்ளைகள் பெருகினார்கள். ஊரில் இன்னொரு புதிய கொட்டகையும் வந்தது. ஒருநாள் அம்மா படத்தை நிறுத்திவிட்டு, நாற்காலிகளை விற்று, குறுக்கே சுவர் வைத்தார். டெஸ்க் போட்டபோது எல்லாம் முன்பக்கம் சரியவும் தச்சரைக் கூப்பிட்டுப் பின்கால்களை அறுக்கச் சொன்னவரும் அவர்தான். கட்டடத்தை அப்படியே பள்ளிக்கு எழுதிக் கொடுத்தவர், எங்கேயும் தன் பெயர் வேண்டாம் என்றார்.

"ஏன் வேண்டாம்னாங்க?" என்று கேட்டார் டீச்சர்.

அக்கா தட்டில் கிடந்த தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்தார்.

"என்னாலதான். எனக்காக ஆரம்பிச்ச ஸ்கூல். நான் பத்தாவதுல ஃபெயில். அதுவும் உங்க பாடத்துலதான் டீச்சர். திரும்ப எழுதினேன், திரும்பவும் ஃபெயில். கல்லுல பேரு வெச்சா, 'மகளுக்காகக் கட்டினாங்களாம், அந்த மக ஃபெயிலாம்'னு ஊர் பேசும்னு அம்மா விட்டுட்டாங்க. என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும். காலையில மணி அடிக்கறப்பல்லாம் அது என் பேரைச் சொல்லி அடிக்கற மாதிரி இருக்கும். அன்னைக்கு வெளியில வந்தவதான், அந்தப் படி திரும்ப ஏறல."

"அப்புறம் ஏன் எதிர்லயே கடை போட்டீங்க?"

"ஏறலன்னா பாக்கக்கூடாதா?"

டீச்சர் தன் பாடத்தில் ஃபெயிலானவர்களை வருஷா வருஷம் பார்த்தவர்தான். ஒருத்தி ஃபெயிலான பள்ளிக்கு எதிரே அமர்ந்து அதன் காகிதத்தை எல்லாம் ஒரு ஆயுள் முழுக்கப் பிரதி எடுத்துக் கொடுத்ததை இப்போதுதான் பார்க்கிறார். திறப்பு விழாவுக்கு வாருங்கள், மேடையில் உட்காருங்கள் என்று கூப்பிட்டார்.

அக்கா இயந்திரத்தைத் திரும்பப் போட்டார். "ஒரு தடவை ஸ்கூல் என்னைத் தேடி வந்துச்சு. நான் அதைத் தேடிப் போக மாட்டேன். படத்துல மேடையை வரைஞ்சு குடுங்க, காப்பி போடறேன்."

கல்வெட்டு சார் அந்த வாரம் முழுவதும் கடையிலேயே கிடந்தார். முன்பு எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டியபோது அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

"நான் ஃபெயில்னு எங்க போட்டிருக்கீங்க?"

"அது எதுக்குங்க..."

"அம்மா மறைச்சது போதும். அதையும் போட்டா போடுங்க, இல்லன்னா மொத்தத்தையும் எடுத்துடுங்க."

தலைமையாசிரியைக்கு இது தொண்டையில் மாட்டிய முள் ஆனது. சினிமாக் கொட்டகை என்பதையே அவர் அரை மனதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தார். "விழா மலர்ல ஃபெயிலானவங்களைப் பத்தி எழுதற ஸ்கூல் எங்கயாவது உண்டா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் தனியாகத் தெருவைக் கடந்து கடைக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்பது தெரியவில்லை. திரும்பி வந்தவர் கண்கள் சிவந்திருந்தன. "அப்படியே அச்சுக்குக் குடுங்க," என்று மட்டும் சொன்னார்.

பழைய கட்டடத்தில் கடைசி நாள். பிள்ளைகள் எல்லோரும் மாடிப்படியில் வரிசையில் நின்று அந்தச் சதுர ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் பார்த்துவிட்டு ஒவ்வொன்று சொன்னார்கள். 'கப்பல் மாதிரி இருக்கு' என்றது ஒன்று. 'எந்தப் படம் கடைசியா ஓடிச்சு?' என்றது இன்னொன்று. எதிர்க் கடையில் அக்கா இயந்திரத்தின் மேல் கையை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தெருவைத் தாண்டி வரவில்லை. திறப்பு விழாவுக்கும் வரவில்லை. கல்வெட்டு சார் வரலாற்றைப் படித்தபோது 'மகள் இரண்டு முறை தேர்ச்சி பெறவில்லை. பள்ளி தொடர்ந்து நடந்தது' என்ற வரி வந்ததும் பின்வரிசையில் ஒரு கைதட்டல் கிளம்பிப் பந்தல் முழுவதும் பரவியது. முதலில் தட்டியது யார் என்று தலைமையாசிரியை திரும்பிப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை.

விழா முடிந்து சில வாரம் கழித்து, விசேஷம் எதுவும் இல்லாத ஒரு புதன்கிழமை, கணக்கு டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஜெராக்ஸ் அக்கா நின்றார். முகமெல்லாம் வியர்வை, கையில் குடை.

டீச்சர் சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். "எப்படிக்கா வந்தீங்க? பஸ்லயா?"

"பஸ்லயா? நல்லாயிருக்கு! நடந்துதான் வந்தேன். தேடிட்டு ஒண்ணும் வரல, இந்தப் பக்கம் ஒரு வேலை."

அந்தப் பக்கம் பள்ளியைத் தவிர வேறு எதுவும் கிடையாது. டீச்சர் அதைச் சொல்லவில்லை.

தலைமையாசிரியை வந்து சேர்ந்துகொண்டார், கல்வெட்டு சாரும் வந்தார். மூவரும் அக்காவுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டினார்கள். சுற்றிக் காட்டினார்கள் என்று சொல்வதைவிட அக்கா அவர்களைச் சுற்றிக் கூட்டிப்போனார் என்பதுதான் சரி. பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? இத்தனை பேருக்கு இவ்வளவு குழாய் போதுமா? தூரத்தில் இருந்து வரும் பிள்ளைகள் எதில் வருகிறார்கள், பஸ் ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குத் தலைமையாசிரியை நின்று யோசித்தார். விசாரிக்கிறேன் என்றார். சொன்னது போலவே அன்று மத்தியானமே வகுப்பு வகுப்பாகப் போய் விசாரிக்கவும் செய்தார்; ஏழாம் வகுப்பில் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

மைதானத்தின் ஓரத்துக்கு வந்ததும் அக்கா குடையை மடக்கினார். அங்கே மண்ணுக்குள் இருந்து பழைய செங்கல் வரிசை ஒன்று தலைகாட்டிக்கொண்டிருந்தது. வட்டமாக வளைந்து போய், புதுச் சுவரின் அடியில் மறைந்தது. குடை நுனியால் அதைத் தட்டினார்.

"இந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?"

தலைமையாசிரியை கணக்கு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கல்வெட்டு சாரைப் பார்த்தார். அவர் கை கண்ணாடியைக் கழற்றப் போனது. பாதி வழியில் நின்றது.

"தெரியலைங்க," என்றார். "கேக்கணும்."

"கிணறா இருக்குமோ?" என்று டீச்சர் குனிந்தார்.

"கிணத்துக்கு இவ்வளவு அகலம் எதுக்கு?" என்றார் அக்கா, செங்கலின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, விரலால் மண்ணைத் தள்ளியபடி.